எண்பதாம் பக்கம் வரை

ஜனவரி 7, ஞாயிறு

மூன்றாவது முறை. இதுதான் கடைசி முறை என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எம்.ஏ. கல்வியியலில் எட்டுத் தாள்கள். ஏழில் தேறிவிட்டேன். மிஞ்சியிருப்பது 'கலைத்திட்டக் கோட்பாடும் அதன் வரலாறும்' என்ற ஒரே தாள். இதில் இந்த ஆண்டும் தவறினால் என் பதிவு காலாவதியாகும். தேறிய ஏழும் அதோடு போகும். மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு என்று தெரியும். ஒருவன் படித்ததற்கும் உண்டு என்பதை இவர்கள்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்று முதல் தொடர்பு வகுப்பு. தபாலில் படிக்கும் படிப்பு என்றாலும் மாதம் இரண்டு ஞாயிறு சிவகாசியிலேயே ஒரு கல்லூரியில் வகுப்பு வைக்கிறார்கள். பதினான்கு பேர். பதிமூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள், பதவி உயர்வுக்காகப் படிப்பவர்கள். அறிவுக்காகப் படிப்பவன் நான் ஒருவன்தான். வயது அறுபத்தெட்டு. பாடம் நடத்துபவர் முனைவர் ஷர்மிளா பேகம். அவருக்கு முப்பது இருக்கலாம்.

"ஐயா, போன ரெண்டு தடவையும் எதுல விட்டீங்க?"

"நான் எதையும் விடலை மேடம். அவங்கதான் மார்க்கை விட்டுட்டாங்க."

வகுப்பு சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் பழைய விடைத்தாளின் மதிப்பீட்டுக் குறிப்பை வாங்கி உரக்க வாசித்தார்: "அறிஞர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. உட்தலைப்புகள் இல்லை. அடிக்கோடு இல்லை."

உண்மைதான். வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர்களை நான் எழுதுவதில்லை. அவர்கள் என் பெயரை எங்கும் எழுதியதில்லை. பாடம் அமைப்பதற்கு நோக்கம் என்ன, என்ன அனுபவம் தர வேண்டும், எந்த வரிசையில் தர வேண்டும், பலித்ததை எப்படி அறிவது என்று நான்கு கேள்வி கேட்டவரை நான்குகேள்விக்காரர் என்றே எழுதுவேன். பள்ளிக்கூடத்தை ஆலை போல நடத்தச் சொன்னவர் ஆலைக்காரர். ஒரே பாடத்தை வகுப்புக்கு வகுப்பு சற்றுப் பெரிதாக்கி மறுபடி மறுபடி சுற்றச் சொன்னவர் முறுக்குக்காரர். கருத்து சரியாக இருக்கும்போது பெயர் எதற்கு?

ஜனவரி 9, செவ்வாய்

பாடங்களை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் பதினோரு இடத்தில் போட்டிருக்கிறது. ஓரத்தில் 'பொய்' என்று பதினோரு முறை எழுதினேன். அதற்கு நானே சாட்சி.

எட்டாம் வகுப்போடு அச்சகத்தில் சேர்ந்தேன். முப்பத்தாறு ஆண்டு மிஷின்மேன். பள்ளிப் பாடநூல் ஓடாத ஆண்டு கிடையாது. பாடநூலை ஒவ்வொரு பக்கமாக அடிப்பதில்லை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். தாள் விரிந்த நிலையில் ஒன்றாம் பக்கத்துக்கு அருகில் பதினாறாம் பக்கம் நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் எட்டும் ஒன்பதும் தலைகீழாகக் கிடக்கும். மடித்தால்தான் வரிசை வரும். நான் மடிக்காமல் படித்தேன். மிஷின் ஓட ஓட, உலர வைத்த தாளில் அணுவைப் பற்றிப் படித்து, அதன் அருகில் நிற்கும் பக்கத்தில் அணுவைப் பற்றிய பயிற்சி வினா படித்து, தலையைத் திருப்பி நுரையீரல் படித்தேன். அப்படியே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.ஏ. எல்லாம் தனியாக எழுதித் தேறினேன். வரிசை இல்லாமல் கற்றவன் எம்.ஏ. வரை வந்திருக்கிறேன் என்றால் வரிசைக்கு என்ன மரியாதை?

ஒருமுறை ஏழாம் வகுப்புப் புவியியலில் ஒரு நதி கடலில் தொடங்கி மலையில் முடிவதாகப் படம் வந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "எட்டாங்கிளாஸெல்லாம் இங்க கருத்து சொல்லக் கூடாது, போய் மை ஊத்து" என்றார். அவர் இறந்து பத்தொன்பது ஆண்டாகிறது. அதனால் என்ன? எம்.ஏ. வாங்கியதும் அவர் மகன் கடையில் ஒரு டீ குடிப்பதாக இருக்கிறேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கரும்பு கடிக்கப் பல் இல்லை. ஆலைக்காரர் பற்றிப் பத்துப் பக்கம் படித்தேன். அவருக்கும் இல்லை, மனிதரைப் பற்றிய எண்ணம்.

ஜனவரி 21, ஞாயிறு

செய்முறை ஒப்படைப்பு கொடுத்துவிட்டார்கள். போன இரு முறையும் எனக்கு வந்தது வேறு தலைப்பு. முப்பது மதிப்பெண், பன்னிரண்டு எடுத்தால்தான் தேர்வில் எழுதியது கணக்கில் வரும். "எழுத்தறிவற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கான கலைத்திட்டம் ஒன்றை வகுத்து, நான்கு வாரம் கற்பித்து, முன்னேற்றத்தை மதிப்பெண்ணோடு பதிவுசெய்க."

பக்கத்து இருக்கை ஜெபராஜ் விருதுநகர்ப் பக்கம் நடுநிலைப்பள்ளி ஆசிரியர். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார்.

"ஐயா, எதுக்கு மெனக்கெடுறீங்க? ஜெராக்ஸ் கடையில ரெடிமேடா இருக்கு. பேரை மட்டும் மாத்தினாப் போதும். போன வருசம் முப்பதுக்கு இருவத்தாறு."

"அதுல வர்ற எழுத்தறிவற்றவர் யாரு?"

"முனியம்மான்னு ஒரு அம்மா. பதினஞ்சு வருசமா அதே அம்மாதான். இன்னும் 'அ'னா தாண்டல."

எனக்கு ஆத்திரம் வந்தது. நாடு முழுக்கப் பொய்யாக ஒருவருக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அப்படிச் செய்பவன் இல்லை என்று ஜெபராஜிடம் சொன்னேன். எனக்கு ஆள் தேட வேண்டியதில்லை. வீட்டிலேயே இருக்கிறாள்.

ஜனவரி 23, செவ்வாய்

எழுத்தறிவுத் திட்டத்துக்குப் பெயர் சேர்க்க ஒரு பெண் வந்தாள். பெயர் காளீஸ்வரி, பக்கத்துத் தெரு, தன்னார்வலராம். "வீட்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்றாள்.

"இருக்கா. அவளுக்குக் கையெழுத்துகூட வராது. ரேஷன் கடையில கைநாட்டு" என்றேன்.

"இப்ப ரேஷன் கடையில எல்லாருமே கைநாட்டுத்தான் சார், நீங்களும்."

வாய்த் துடுக்கு. சீனியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். என் மனைவி, நாற்பத்தைந்து ஆண்டு ஆகிறது. நான் அச்சடித்த தாள்களை வீட்டில் உட்கார்ந்து மடித்துக் கொடுப்பாள், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் மடித்தார்கள். படிப்பில் அவளுக்கு நாட்டம் கிடையாது. பேப்பர் வந்தால் எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படம் பார்ப்பாள்.

காளீஸ்வரி அவளிடம் "இருபது பேர் சேர்க்கணும்மா. பத்தொம்பதோட நிக்குது" என்றாள். சீனியம்மாள் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "சரி, வாரேன் தாயி" என்றாள்.

நல்லதாயிற்று. அங்கே போவது அவள் இஷ்டம். என் கலைத்திட்டம் தனி.

ஜனவரி 28, ஞாயிறு

கலைத்திட்டம் முடிந்தது. முப்பத்திரண்டு பக்கம். நோக்கங்கள் ஒன்பது. முதல் படி 'கற்பவரின் தேவைப் பகுப்பாய்வு'. அதை முதலிலேயே நிரப்பிவிட்டேன். கற்பவர் விரும்புவன: நாட்டு நடப்பு, அறிவியல் மனப்பான்மை, சுகாதாரம், வரலாற்று உணர்வு. சீனியம்மாள் அப்போது கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கேட்கவில்லை.

ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஜனவரி 29, திங்கள்

ரசத்தில் உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறது. வயதாகிவிட்டது அவளுக்கு.

பிப்ரவரி 2, வெள்ளி

முதல் பாடம். 'அ' என்ற எழுத்தை அட்டையில் எழுதிக் காட்டினேன்.

"இது என்ன?"

"நீங்களே சொல்லுங்க, எம்.ஏ. படிக்கிறவுக."

"நீ சொல்லணும். அதுதான் முறை."

"அடுப்புல பால் இருக்கு."

எழுந்து போய்விட்டாள். பதிவேட்டில் 'ஆர்வம்: நடுத்தரம். மதிப்பெண்: 40' என்று குறித்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டாம் பாடம் நடக்கவில்லை, கோயிலுக்குப் போய்விட்டாள். மூன்றாம் பாடம் நடக்கவில்லை. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாத்திரை அட்டையைத் தேடினேன். ஐந்து அட்டையில் சரியானதை எடுத்துக் கொடுத்தாள். நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறாள் போலும்.

நான்காம் பாடம் வரை நடந்திருந்தால் எவ்வளவு முன்னேறியிருப்பாள் என்பது ஒரு கல்வியாளனுக்குத் தெரியாதா? 40, 55, 62, 70 என்று பதிந்தேன். சீரான ஏற்றம். இது ஜெராக்ஸ் கடைச் சரக்கு அல்ல. என் சொந்தக் கணிப்பு.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒப்படைப்பைக் கொடுத்துவிட்டேன். தைத்து, காலிகோ துணி ஒட்டி, அச்சகக்காரன் கையால் பைண்டு செய்தது. ஜெபராஜுடையது ஸ்டேப்ளர் அடித்தது. பிழைப்புக்காகப் படிப்பவர்களுக்கு இவ்வளவுதான் வரும்.

மார்ச் 3, ஞாயிறு

திருப்பிக் கொடுத்துவிட்டார்! பதினான்கு பேரில் என் ஒருவனுடையதை மட்டும். ஜெபராஜின் முனியம்மாவுக்கு இருபத்தைந்து.

"ஐயா, தேவைப் பகுப்பாய்வுல உங்க மனைவி 'அறிவியல் மனப்பான்மை' வேணும்னு சொன்னதா எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? நாப்பத்தஞ்சு வருசம்."

"நான் கேட்டது அது இல்ல ஐயா."

"மத்தவங்கள்லாம் கேட்டாங்களா? முனியம்மாகிட்ட யார் கேட்டது?"

ஷர்மிளா பேகம் ஒப்படைப்பை என் பக்கம் நகர்த்தினார். "அவங்க படிக்கிறது பதவி உயர்வுக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க அறிவுக்குன்னு சொன்னீங்க. அதான் உங்களோடதை மட்டும் முழுசாப் படிச்சேன்" என்றார். மார்ச் 24-க்குள் கேட்டு எழுதித் தர வேண்டுமாம்.

நல்ல நியாயம். ஒழுங்காக எழுதினால் ஒழுங்காகப் படித்துவிடுகிறார்கள்.

மார்ச் 6, புதன்

கேட்கவில்லை. கேட்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டால் ஏதோ நான் கேட்காமல் இருந்ததுபோல் ஆகிவிடும்.

மார்ச் 10, ஞாயிறு

சாப்பிடும்போது சுற்றி வளைத்து, "வாழ்க்கையில உனக்கு ஏதாவது தெரிஞ்சுக்கணும்னு இருக்கா?" என்றேன்.

"இன்னொரு தோசை வேணுமான்னு தெரியணும்" என்றாள்.

மார்ச் 17, ஞாயிறு

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

இன்று எழுத்தறிவுத் தேர்வு. சீனியம்மாளுக்கு நகராட்சிப் பள்ளியில் மையம். வெயில் கடுமையாக இருந்ததால் பகல் பன்னிரண்டு மணிக்குக் குடையோடு போனேன். வகுப்பில் இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சீனியம்மாள் எழுதவில்லை. அவளுடைய தாள் மூடிக் கிடந்தது. இடப்பக்கம் இருந்த கிழவியிடம் குனிந்து, "ரெட்டைச் சுழி அக்கா, மூணு சுழி இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சன்னலில் நின்றேன். காளீஸ்வரி என்னைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

"சார், வெளிய சொல்லிடாதீங்க. அம்மா பத்து நிமிசத்துல முடிச்சுட்டாக. இந்த ரெண்டு மாசமா பாதிப் பேருக்கு அம்மாதான் சொல்லிக் குடுத்தாக. எனக்கு இருபதாவது பேரு கிடைக்கலைன்னுதான் வந்து உக்காந்தாக."

"அவளுக்குப் படிக்கத் தெரியுமா?"

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க வீட்டுக்காரம்மா சார்" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது குடையை நான்தான் பிடித்தேன். பாதி வழியில் கேட்டேன்.

"எப்ப இருந்து?"

"எம்பத்தாறுல இருந்து. ரெண்டாப்பு வரைக்கும் எங்கய்யா அனுப்பிச்சாகல்ல, எழுத்து தெரியும். ஃபாரம் மடிக்கையில கட்டைவிரலை விட்டு நெகிழ்த்திப் பாப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா வரும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீக? எழுத்து கோணல்னு ஆரம்பிச்சிருப்பீக."

குடையை அவள் பக்கம் சாய்த்தேன். அவள், "கைநாட்டுன்னு சொன்னீகளே அந்தப் புள்ளைகிட்ட, அன்னைக்குச் சொல்லணும்னுதான் நெனச்சேன். அப்புறம் நோட்டுல என்ன எழுதுறீகன்னு பாப்போம்னு விட்டுட்டேன்" என்றாள்.

"எந்த நோட்டு?"

"எனக்குப் படிப்புல நாட்டம் இல்லாத நோட்டு."

மார்ச் 18, திங்கள்

இந்த நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டலாமா என்று யோசித்தேன். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

மார்ச் 20, புதன்

இன்று புளிக்குழம்பு நன்றாக இருந்தது. யார் படிப்பதற்காகவும் எழுதவில்லை. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

மாலையில் ஒப்படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். என் தொண்டை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு முறை கனைக்க வேண்டியிருந்தது.

"சீனி, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்? மேடம் கேக்கச் சொல்லியிருக்காங்க."

"மேடம் சொல்லலைன்னா கேக்க மாட்டீக."

"மாட்டேன். சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. எத்தனையோ நாளாகத் தயாராக வைத்திருந்தாள் போல.

"எம்பத்தொண்ணாம் பக்கம்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

பிறகுதான் விளங்கியது. அச்சகத்தில் மடிப்பு வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை உள்ள ஃபாரங்கள் எங்கள் தெருவுக்கு. ஆறு முதல் மீதி எல்லாம் மேல் தெருவுக்கு. ஐந்து ஃபாரம் என்றால் எண்பது பக்கம். இருபத்திரண்டு ஆண்டு அவள் எல்லா வகுப்பின் எல்லாப் பாடநூலையும் எண்பதாம் பக்கம் வரை படித்திருக்கிறாள். பூமி சுற்றுவது தெரியும், கிரகணம் தெரியாது. கூட்டல், பெருக்கல், தசமம் தெரியும், வட்டி தெரியாது. வெள்ளைக்காரன் வந்தது வரை தெரியும்.

"போனது டிவியில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள்.

எட்டாம் வகுப்புத் துணைப்பாடத்தில் ஒரு படகோட்டி கதையாம். புயலில் தன் தம்பியைத் தேடிக் கடலுக்குப் போகிறான். எண்பதாம் பக்கத்தின் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம்: "துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அங்கே". அவ்வளவுதான். தாள் முடிந்துவிட்டது.

"முப்பத்தெட்டு வருசமாச்சு. அங்க என்னங்க இருந்துச்சு? ஆறாவது ஃபாரத்தையும் நீங்கதான அடிச்சீக?"

நான்தான் அடித்தேன். கண்ணை மூடினேன். விரிந்த தாள் வந்தது. எண்பத்தொன்றுக்கு அருகில் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு அப்படியே நிற்கிறது: 'படகோட்டியின் குணநலன்களை ஒரு பக்க அளவில் விவரி. ஐந்து மதிப்பெண்.' எண்பத்தொன்று வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. கேள்வி தெரிகிறது, கதை தெரியவில்லை.

"மறந்துபோச்சு" என்றேன்.

"படிச்சிருந்தாத்தான மறக்க" என்றாள்.

மார்ச் 22, வெள்ளி

புதிய பக்கத்தில், எண்பது வரை அவள் படித்த விவரத்தை நான் எழுதிவிட்டு, மீதியை அவளையே எழுதச் சொன்னேன். 'கற்பவரின் தேவை' என்ற இடத்தில், "எண்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து" என்று எழுதினாள். எழுத்து கோணல்தான். சொல்லவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

ஷர்மிளா பேகம் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"அப்போ இந்த 40, 55, 62, 70?"

"கற்பனை."

"ஐயா, எல்லாரும் கற்பனைதான் எழுதறாங்க. கற்பனைன்னு வாய் விட்டுச் சொல்றது நீங்க ஒருத்தர்தான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது வெளி மதிப்பீட்டாளருக்குப் போகும். கற்பவர் எழுத்தறிவற்றவரா இருக்கணும்னு விதி. இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க. 'கேட்டேன், சுகாதாரம் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு சொன்னாங்க'ன்னு நாலு வரி எழுதுங்க. நான் பதினஞ்சு போட்டு அனுப்பிடறேன். உங்களுக்கு இது கடைசி முறை."

பேனாவை நீட்டினார். நல்ல பேனா. வீட்டுக் கதவின் பெயர்ப் பலகையில் என் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து வருவதற்கு நான்கு வரிதான் தேவை. அந்த நான்கு வரியும் என் தலைக்குள் வரிசையாக நின்றன, உட்தலைப்போடு நின்றன.

"தச்சு ஒட்டிட்டேன் மேடம். பிரிச்சா பைண்டிங் கெட்டுப்போகும்" என்றேன்.

ஜெபராஜ் வெளியே காத்திருந்தார். "முடிஞ்சதா ஐயா?" என்றார். முனியம்மாவை நான் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

பழைய புத்தகக் கடைகள் நான்கு, நூலகம் இரண்டு ஏறி இறங்கிவிட்டேன். அந்த எட்டாம் வகுப்புத் துணைப்பாடம் கிடைக்கவில்லை. பாடத்திட்டத்தை மாற்றியபோது அந்தக் கதையை எடுத்துவிட்டார்கள் என்று ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் சொன்னார். முடிவு அவருக்கு நினைவில்லை. "தேர்வுல குணநலன்தான் ஐயா கேப்பாங்க" என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போட்டேன்: 'படகோட்டி திரும்பிப் பார்த்தபோது அங்கே இருந்தது என்ன?'

வீட்டில், "நானே ஒரு முடிவு சொல்லவா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வேணாம். நீங்க சொன்னா அதுல படகோட்டி பரிச்சையில பாஸாயிடுவான்."

மே 5, ஞாயிறு

தேர்வு எழுதினேன். 'கலைத்திட்டம் கற்பவரின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அறிஞர் கருத்துகளுடன் விளக்குக. இருபது மதிப்பெண்.'

பெயர் எழுதாதவன் என்ற பழி வேண்டாம் என்று இம்முறை ஓர் அறிஞரின் பெயரை எழுதினேன். 'சிவகாசியைச் சேர்ந்த சீனியம்மாள் (1986) என்பார் கூறுவதாவது: தாள் எங்கே முடிகிறதோ அங்கே ஆசை தொடங்குகிறது.' அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதினால் மதிப்பெண் தர மாட்டார்கள். அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டேன். முன்னும் பின்னும் உட்தலைப்புக் கொடுத்தேன்.

மே 21, செவ்வாய்

மனுவுக்குப் பதில். 'தாங்கள் கோரிய தகவல் இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை.' மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

முடிவு வந்துவிட்டது. எழுத்துத் தேர்வு: எழுபதுக்கு ஐம்பத்தொன்று. அந்தத் தாளில் என் வாழ்நாள் உச்சம். அறிஞரின் பெயர் வேலை செய்திருக்கிறது.

ஒப்படைப்பு: பூஜ்யம். குறிப்பு: 'கற்பவர் ஏற்கெனவே கற்றவர். ஏற்க இயலாது.'

மொத்தத்தில் தேர்ச்சி இல்லை. பதிவு காலாவதி.

ஷர்மிளா பேகம் தொலைபேசியில் அழைத்தார். "சண்டை போட்டுப் பார்த்தேன் ஐயா" என்றார். அந்த அம்மாளைச் சமாதானப்படுத்த எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

அதே தபாலில் சீனியம்மாளுக்குச் சான்றிதழ் வந்திருக்கிறது. நூற்றைம்பதுக்கு நூற்று நாற்பத்தேழு. மூன்று மதிப்பெண் எங்கே போயிற்று என்று கேட்டேன். "எல்லாம் சரியா எழுதினா அந்தப் புள்ளை மாட்டிக்கிரும்ல" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

ஜூன் 22, சனி

நேற்றும் சாப்பிடவில்லையாம் நான். இதை இங்கே எழுதச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 3, புதன்

சீனியம்மாள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதப் போகிறாள். காளீஸ்வரி விண்ணப்பமும் புத்தகங்களும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். புத்தகங்கள் வந்ததிலிருந்து வீட்டில் சமையல் தாமதமாகிறது. எடுத்த உடனே எண்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து அங்கிருந்து படிக்கிறாள். முதலிலிருந்து வரிசையாகப் படிக்கச் சொன்னேன். "முன்னாடி உள்ளது எனக்கு வேணாம்" என்றாள். இது எந்தக் கோட்பாட்டிலும் இல்லை.

விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. தானே மேசையில் உட்கார்ந்து நிரப்பினாள். நான் எதிரில் உட்கார்ந்து, பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"கணவரின் கல்வித் தகுதின்னு கேட்டிருக்காக."

நான் தலையைத் தூக்கவில்லை. அவள் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு எட்டிப் பார்த்தேன். 'எம்.ஏ. ஃபெயில்.'

"பி.ஏ.ன்னு போட வேண்டியதுதான? அது பாஸ்."

"பி.ஏ.வுக்கு எதுக்காகப் பெருமைப்படணும்? அது நீங்க பாஸானது."

"இது ஃபெயிலானது."

"ஆமா. இதுக்குத்தான்."

"ஏழு தாள் தேர்ச்சின்னாவது சேர்த்து எழுது" என்றேன்.

"கட்டத்துல எடமில்லீங்க."

அவள் கடைக்குப் போன பிறகு அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது. விண்ணப்பத்தை உறையில் போட்டு, ஒட்டி, தபால் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தேன்.